கழுத்து வட்டுப் பிதுக்கம் இயல்பாக ஆறும் முறை

கோலார் தங்கவயலின் ஒரு பகுதியாகிய ஆண்டர்சன்பேட்டை, உடலுழைப்பால் வாழும் மக்களின் ஊர். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இப்பகுதியில் தங்கச் சுரங்க வேலையை மேற்கொண்ட பின்னர், வடஆற்காடு, சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வந்து குடியேறினர். அருகிலுள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்திற்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் சென்றது. தாழ்ந்த கூரையின் கீழ்க் குனிந்தும், தலைக்கு மேலுள்ள பாறையில் துளையிடும்போது அண்ணாந்தும் தொழிலாளர் உழைத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் அக்குடும்பங்களைச் சேர்ந்த பலர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று கட்டட வேலை, காவல் வேலை, தொழிற்சாலை வேலை ஆகியவற்றைச் செய்து திரும்புகின்றனர்.

இத்தகைய தொழிலாளி ஒருவருக்கு ஒரு நாள் காலையில் கழுத்தில் கடும் வலி தோன்றுகிறது என்று கொள்ளலாம். வலி தோளைக் கடந்து கைவிரல் வரையில் மின்சாரம் பாய்வது போல ஓடுகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் 'டிஸ்க் விலகிவிட்டது' என்று தெரிய வருகிறது. இனி வேலை செய்ய இயலாது என்றும், அறுவையின்றி வழியில்லை என்றும் குடும்பத்தார் அஞ்சி, நகையை அடகு வைக்க முற்படுகின்றனர். இவ்வச்சம் பெரும்பாலும் தேவையற்றது. கழுத்து வட்டுப் பிதுக்கம் பெரும்பான்மையோரிடத்தில் அறுவையின்றியே ஆறிவிடுகிறது. எனினும், ஒரு சிலரிடத்தில் காத்திருப்பது கை கால்களின் வலுவையே இழக்கச் செய்யும். இவ்விரு வகையினரையும் வேறுபடுத்தி அறிவதே களப்பணியாளர் கற்கவேண்டிய பாடமாகும்.

வட்டின் அமைப்பு

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே வட்டு இல்லை. இரண்டாம் எலும்பிற்குக் கீழே, ஒவ்வோர் எலும்பிற்கும் அடுத்த எலும்பிற்கும் நடுவில் ஒரு வட்டு அமைந்துள்ளது. கழுத்தின் ஏழாம் எலும்பிற்கும் மார்பின் முதல் எலும்பிற்கும் இடையிலுள்ளதையும் சேர்த்து இவை ஆறாகும்.

வட்டினை நன்கு விளங்கிக்கொள்ளக் கொழுக்கட்டையை உவமையாகக் கொள்ளலாம். வெளியே மாவு, உள்ளே பூரணம். அவ்வாறே வட்டின் வெளிப்புறம் உறுதியான நார்களால் ஆகிய வளையமாகும். உட்புறம் நீர் செறிந்த மென்மையான கருவாகும். இளமையில் கருவின் எடையில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் நீரே. வயது ஏற ஏற இந்நீர் குறைகிறது. வளையத்தின் நார்களிலும் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன.

வளர்ந்த மனிதனின் வட்டினுள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை. வளையத்தின் வெளி ஓரத்தில் மட்டும் சில நுண்குழாய்கள் உண்டு. மேலும் கீழுமுள்ள எலும்புகளின் பரப்பிலிருந்து ஊறி வரும் சத்தைக் கொண்டே கரு உயிர் வாழ்கிறது. இச்செய்தியை நினைவில் இருத்துதல் வேண்டும். வட்டு தானே ஆறுவதற்கான காரணம் இதனுள் அடங்கியுள்ளது.

வட்டுகளுக்குப் பின்னால் தண்டுவடம் செல்கிறது. அதிலிருந்து இரு பக்கமும் நரம்பு வேர்கள் கிளைத்து, எலும்புகளுக்கிடையே உள்ள சிறு துளைகளின் வழியே கைகளை நோக்கிச் செல்கின்றன.

பிதுக்கம் நேரும் விதம்

கொழுக்கட்டையின் ஓரத்தில் விரிசல் இருக்குமாயின், மெல்ல அழுத்தினாலும் பூரணம் அவ்விரிசல் வழியே வெளிவரும். வட்டிலும் இதுவே நிகழ்கிறது. 'விலகிவிட்டது', 'நழுவிவிட்டது' என்று வழங்கும் சொற்கள் பொருத்தமுடையன அல்ல. வட்டு தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. அதன் உட்பொருளே வெளிவருகிறது. நழுவிய பொருளைத் தள்ளிப் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்னும் தவறான எண்ணம் இச்சொற்களினாலேயே எழுகிறது.

பிதுக்கம் பல படிகளை உடையது. வளையம் முழுதும் சற்றே வெளியே தள்ளி நிற்பது முதற்படி. ஓரிடத்தில் மட்டும் புடைத்து நிற்பது அடுத்த படி. வளையம் கிழிந்து கரு வெளியேறுவது அதற்கடுத்தது. வெளியேறிய துண்டு தனியே பிரிந்து கிடப்பது இறுதிப் படியாகும்.

பாரம் தூக்கியதாலேயே இந்நோய் வந்தது என்று பலர் கூறுவர். தலைச்சுமை, அதிரும் இயந்திரங்களில் நெடுநேரம் பணிபுரிதல் ஆகியவை கழுத்தை வருத்துகின்றன என்பது மெய்யே. ஆயினும், கீழே குறிப்பிடப்படும் ராச்செஸ்டர் ஆய்வில் நோயாளிகளுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர் மட்டுமே, நோய் தொடங்குமுன் கடும் உழைப்பையோ அடிபட்டதையோ குறிப்பிட்டனர். ஏனையோரிடத்தில் குறிப்பிட்ட நிகழ்ச்சி எதுவுமின்றியே நோய் தோன்றியது. ஆகவே, 'அன்று அந்த மூட்டையைத் தூக்காதிருந்தால்' என்று தொழிலாளி தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

வலி தோன்றும் இடங்கள்

எந்த நரம்பு வேர் தாக்கப்பட்டது என்பதைக் கையே காட்டிக்கொடுக்கும். ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கிடையே பிதுக்கம் நேர்ந்தால் ஆறாம் நரம்பு வேர் நசுங்கும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்துப் போகும். முழங்கையை மடக்கும் வலுவும் மணிக்கட்டைத் தூக்கும் வலுவும் குறையும். ஆறாம், ஏழாம் எலும்புகளுக்கிடையே நேர்ந்தால் ஏழாம் நரம்பு வேர் நசுங்கும். நடுவிரல் மரத்துப் போகும். முழங்கையை நீட்டும் வலுவு குறையும். மிகுதியாகக் காணப்படுவது இவ்வகையே. எட்டாம் நரம்பு வேர் தாக்கப்பட்டால் சுண்டுவிரல் மரத்துப் பிடி தளரும்.

நோயாளி தம் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதைப் பல வேளைகளில் காணலாம். அந்நிலையில் நரம்பு வேரின் இழுவிசை தளர்வதால் வலி தணிகிறது. இது நோயை அறிய உதவும் எளிய குறியாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான செம்ஸ், மர்ஃபி ஆகியோர், கழுத்து வட்டுப் பிதுக்கம் இதய நோயைப் போலவே தோற்றமளித்த நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினர். அதன் மறுபக்கமும் உண்மையே. இதய நோயும் கழுத்து வலி போலவும் இடக்கை வலி போலவும் தோன்றக்கூடும். மார்பில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றுடன் கைவலி வந்தால், அதை வட்டு நோய் என்று கருதிக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

பிதுங்கிய பொருள் மறைவது எவ்வாறு?

1934-ஆம் ஆண்டில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள், இடுப்பு வட்டின் பிதுக்கமே காலில் ஓடும் வலிக்குக் காரணமாகலாம் என்று நிலைநாட்டினர். அதன் பின்னர்ப் பல்லாண்டுகள் வரை, பிதுங்கிய பொருளை வெட்டி எடுத்தாலன்றி அது அவ்விடத்திலேயே கிடக்கும் என்று மருத்துவர் பலர் எண்ணினர். கணிப்பொறிப் படமுறைகள் வந்த பின்னரே இக்கருத்து மாறியது. 1980-களில் இடுப்பு வட்டுப் பிதுக்கம் தானே சுருங்கியதைப் படங்கள் காட்டின. 1992-ஆம் ஆண்டில் கழுத்து வட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது எம்.ஆர்.ஐ. படச் சான்றுடன் வெளியிடப்பட்டது.

இவ்வாறு சுருங்குவதற்கு மூன்று வழிகள் கூறப்படுகின்றன.

முதலாவது, நீர் வற்றுதல். கரு, நீர் செறிந்த பொருளாதலால், வெளியே வந்த பின் மெல்ல மெல்ல நீரை இழந்து சிறுக்கிறது.

இரண்டாவது, உள்வாங்குதல். வளையம் முற்றும் கிழியாமல் புடைத்து மட்டும் நிற்குமாயின், அப்புடைப்பு ஓரளவு பின்வாங்கக்கூடும்.

மூன்றாவதும் முதன்மையானதுமாகிய வழி, உடலே அப்பொருளை அரித்து அகற்றுதல். கரு, பிறந்தது முதல் இரத்த ஓட்டத்திலிருந்து விலகியே இருந்த பொருளாகும். வளையத்தைக் கிழித்துக்கொண்டு இரத்தக் குழாய்கள் நிறைந்த இடத்தை அது அடைந்ததும், உடலின் காவல் அணுக்கள் அதனை அயற்பொருளாகக் கருதுகின்றன. அதனைச் சுற்றிப் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. அவற்றின் வழியே விழுங்கும் அணுக்கள் வந்து சேருகின்றன. நார்ப்பொருளைக் கரைக்கும் நொதிகள் சுரக்கின்றன. கரைந்த துணுக்குகளை அணுக்கள் விழுங்கி அகற்றுகின்றன. எலிகளின் திசுக்களைக் கொண்டு நிகழ்த்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சோதனைகள், வட்டின் அணுக்களே ஒரு நொதியைச் சுரந்து விழுங்கும் அணுக்களை உள்ளே வரவழைக்கின்றன என்று காட்டின.

இதிலிருந்து வியப்பான ஒரு முடிவு கிடைக்கிறது. படத்தில் மிகப் பெரிதாகவும் அச்சந்தருவதாகவும் தோன்றும் பிதுக்கமே முற்றிலும் மறைவதற்கு மிகுந்த வாய்ப்புடையது. ஏனெனில், அதுவே இரத்தக் குழாய்களுடன் நேரே தொடர்பு கொள்கிறது. இடுப்பு வட்டுகளைப் பற்றிப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, தனியே பிரிந்த துண்டுகளுள் நூற்றுக்கு 96, கிழித்து வெளியேறியவற்றுள் 70, புடைத்து மட்டும் நின்றவற்றுள் 41, சற்றே தள்ளி நின்றவற்றுள் 13 சிறுத்தன. கழுத்து வட்டுகளைப் பற்றிய ஆய்வுகள் சிறியனவாயினும் அவையும் இத்திசையையே காட்டுகின்றன.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. தொடக்கத்தில் தோன்றும் கடும் வலி, நரம்பு நசுங்குவதால் மட்டும் உண்டாவதன்று. அவ்விடத்தில் எழும் அழற்சியாலும் உண்டாகிறது. ஆகவே, பொருள் முழுதும் மறைவதற்கு முன்னரே, அழற்சி தணிந்த அளவில் வலி குறைந்துவிடுவதுண்டு.

கணக்குகள் கூறுவன

இந்நோயின் போக்கைப் பற்றி மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை நோயுற்றோரைப் பற்றியது. இது 1994-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இதன் முதல் ஆசிரியர் குருப்பத்து இராதாகிருஷ்ணன், பிற்காலத்தில் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய நரம்பியல் அறிஞர் ஆவார்.

அந்நகரில் ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பேருள் ஏறத்தாழ 83 பேருக்குக் கழுத்து நரம்பு வேர் நோய் கண்டது. 50 முதல் 54 வயது வரையுள்ளோரிடத்தில் அது மிகுதியாக இருந்தது. ஆராயப்பட்ட 561 பேருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அறுவை செய்யப்பட்டது. இறுதியாகப் பார்வையிட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் வலியின்றியோ சிறு தொல்லையுடனோ இருந்தனர். எனினும், மூவரில் ஒருவருக்கு நோய் ஒருமுறையேனும் திரும்ப வந்தது. இக்கணக்கில் வட்டுப் பிதுக்கத்துடன் எலும்புத் தேய்மானத்தால் வந்த நோயும் அடங்கும் என்பதையும், இது ஓர் அமெரிக்க நகரின் கணக்கு என்பதையும் மறத்தலாகாது.

பிதுக்கத்தால் வந்த நோயை மட்டும் ஆராய்ந்த நூல்களைத் தொகுத்து 2014-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை, பெரும் பகுதி முன்னேற்றம் முதல் நான்கு முதல் ஆறு திங்களுக்குள் காணப்படுகிறது என்றும், ஏறத்தாழ நூற்றுக்கு 83 பேர் இரண்டு முதல் மூன்று ஆண்டுகளுக்குள் முழு நலம் பெறுகின்றனர் என்றும் கூறுகிறது. 'ஆறும்' என்று சொல்லும்போது 'நாளையே ஆறும்' என்று பொருள்படாதவாறு காத்தல் களப்பணியாளரின் கடமை. திங்கள் கணக்கில் பொறுமை வேண்டும்.

அறுவையின் பயனும் ஆராயப்பட்டுள்ளது. 1997-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் வெளியான ஆய்வில் 81 நோயாளிகள், அறுவை, உடற்பயிற்சி மருத்துவம், கழுத்துப் பட்டை என மூன்று பிரிவாக்கப்பட்டனர். நான்கு திங்களுக்குப் பின் அறுவை செய்துகொண்டோர் மேலான நிலையில் இருந்தனர். ஓராண்டு கடந்தபின் மூன்று பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவை வலியை விரைவில் தணிக்கிறது. ஆனால் நெடுநாளைய முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே அமைகிறது என்பது இதனால் விளங்கும்.

படத்தில் தெரிவதெல்லாம் நோயன்று

ஜப்பான் நாட்டில் எவ்வகைத் தொல்லையும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 87-க்கு மேற்பட்டோரிடம் வட்டு சற்றே தள்ளி நின்றது காணப்பட்டது. இவ்வாய்வு 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எனவே, படத்தை மட்டும் கண்டு நோயைத் தீர்மானித்தல் தவறு. கையில் உள்ள குறியும் படத்தில் உள்ள இடமும் ஒத்திருந்தால்தான் படம் பொருள் பெறும். ஆபத்துக் குறிகள் இல்லாத நோயாளி, தொடக்கத்திலேயே கடன் பெற்றுப் படம் எடுக்க வேண்டியதில்லை.

ஆறும் காலத்தில் செய்யத்தக்கன

1. முழு ஓய்வாகப் படுத்துக் கிடத்தல் வேண்டாம். வலியைப் பெருக்கும் வேலைகளை மட்டும் சில வாரங்கள் தவிர்த்தல் போதும். தலைச்சுமை, அண்ணாந்து செய்யும் பூச்சு வேலை, கனமான பாரம் தூக்குதல் ஆகியவை அத்தகையன.

2. கழுத்துப் பட்டையை மருத்துவர் கூறும் குறுகிய காலம் மட்டும் அணியலாம். 2009-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் 205 பேரிடம் நிகழ்த்திய ஆய்வில், பட்டையும் உடற்பயிற்சியும் முதல் ஆறு வாரங்களில் வலியை விரைந்து குறைத்தன. ஆறு திங்களில், ஒன்றும் செய்யாது காத்திருந்தோரும் அவர்களுக்கு இணையாக நலம் பெற்றிருந்தனர். திங்கள் கணக்கில் பட்டை அணிந்தால் கழுத்துத் தசைகள் நலியும்.

3. வலி தணியத் தொடங்கியதும், பயிற்சி பெற்றவர் காட்டும் முறைப்படி கழுத்து, தோள் தசைகளுக்கு மென்மையான பயிற்சி தருதல் நன்று.

4. வலி நீக்கும் மாத்திரைகளை மருத்துவர் அறிவுரைப்படியே உட்கொள்ளல் வேண்டும். கடையில் தாமே வாங்கி நெடுநாள் விழுங்கினால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகத்திற்குக் கேடும் நேரும்.

5. கழுத்தைச் சொடுக்குதல் கூடாது. முடிதிருத்தும் கடைகளில் தலையைச் சட்டெனத் திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கம் உண்டு. சுளுக்கு எடுப்போரும் இவ்வாறு செய்வர். இதனால் பிதுக்கம் பெருகலாம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததும் உண்டு.

6. ரயிலில் ஒரு வழிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செல்வோர், அமர்ந்தபடி தலை தொங்க உறங்குதலைத் தவிர்க்கலாம். துண்டைச் சுருட்டிக் கழுத்தின் பக்கத்தில் வைத்துச் சாய்ந்துகொள்ளுதல் எளிய உதவியாகும். கைப்பேசியைக் கண்ணளவிற்கு உயர்த்திப் பார்ப்பதும் நலம்.

காலம் தாழ்த்தக் கூடாத அறிகுறிகள்

பிதுக்கம் பக்கவாட்டில் நரம்பு வேரை அழுத்தாமல், நடுவே தண்டுவடத்தையே அழுத்துமாயின் நிலைமை முற்றிலும் வேறாகும். இங்குக் காத்திருத்தல் தீங்காகும். அதன் தொடக்கக் குறிகள் மெல்ல வருவன; வலி சிறிதும் இல்லாமலும் வரக்கூடும். சட்டைப் பொத்தான் போட இயலாமை, சோற்றைப் பிசைந்து எடுப்பதில் தடுமாற்றம், கையெழுத்து மாறுதல், நடையில் தள்ளாட்டம், செருப்பு காலிலிருந்து தானே கழலுதல், கால்கள் விறைத்தல், கழுத்தைக் குனியும்போது முதுகின் வழியே மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, சிறுநீர் அல்லது மலம் அடக்க இயலாமை ஆகியவை அவை.

கையின் வலுவு நாளுக்கு நாள் குறைந்து வருதலும் ஆபத்துக் குறியே. காய்ச்சல், எடை குறைதல், இரவில் ஓயாத வலி ஆகியவை இருப்பின் எலும்புருக்கிக் கிருமி முள்ளெலும்பைத் தாக்கியிருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். உயரத்திலிருந்து விழுந்தபின் தோன்றும் கழுத்து வலியில் எலும்பு முறிவு இருக்கக்கூடும். அவரை அசையாதவாறு கொண்டுசெல்லுதல் வேண்டும்.

இவ்வகை நோயாளிகளைத் தாமதமின்றி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரில், 1974-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் உள்ளது. கிழக்கே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1949-ஆம் ஆண்டில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். ஆபத்துக் குறி இல்லாதவர்களும், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் முறையான மருத்துவம் பெற்றும் வலி தாங்க இயலாதிருப்பின், அறுவையைப் பற்றி மருத்துவருடன் கலந்து முடிவு செய்யலாம்.

ஆசிரியருக்கான செய்முறை

வகுப்பில் இரு எளிய சோதனைகளைச் செய்து காட்டலாம். ஓரத்தில் சிறு விரிசலுள்ள கொழுக்கட்டையை இரு மரக்கட்டைகளுக்கிடையே வைத்து, விரிசலுக்கு எதிர்ப்பக்கத்தை அழுத்துக. பூரணம் விரிசல் வழியே வெளிவருவதை மாணவர் காண்பர். மரக்கட்டைகளே முள்ளெலும்புகள் என்று விளக்குக. அடுத்து, நன்றாக ஊறிய ஜவ்வரிசி சிலவற்றை ஒரு தட்டில் வைத்து வெயிலில் காய விடுக. அவை நீர் வற்றிச் சிறுத்துவிடும். பிதுங்கிய கரு சிறுப்பதன் ஒரு பகுதியை இது விளக்கும். உயிருள்ள உடலில் விழுங்கும் அணுக்களும் இவ்வேலையில் பங்கு கொள்கின்றன என்பதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

மீள்பார்வை வினாக்கள்

1. 'டிஸ்க் விலகிவிட்டது' என்னும் சொற்றொடர் ஏன் பொருந்தாது?

2. பெரிய பிதுக்கம் சிறியதைக் காட்டிலும் முற்றிலும் மறையும் வாய்ப்பு மிகுந்திருப்பதற்குக் காரணம் யாது?

3. நடுவிரல் மரத்து, முழங்கையை நீட்டும் வலுவு குறைந்திருப்பின் எந்த நரம்பு வேர் தாக்கப்பட்டுள்ளது?

4. கைவலியுடைய ஒருவரும், வலியின்றிப் பொத்தான் போட இயலாத ஒருவரும் ஒரே நாளில் வந்தால், இருவருள் எவரை முதலில் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்? ஏன்?

நான்காம் வினாவிற்குத் தயங்காமல் விடை கூறக்கூடிய களப்பணியாளர் ஒருவர் இருக்கும் ஊரில், தேவையற்ற அறுவைக்காக நகையை அடகு வைப்போரின் தொகையும், உரிய காலத்தில் மருத்துவம் பெறாது முடங்குவோரின் தொகையும் குறையும்.